ரிசல்ட் வந்தால் என்ன மாறும்? காரைக்குடி வட்டார டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பள்ளத்தூர், புதுவயல் என்று இந்த வட்டாரத்தில் கிளினிக் வைத்திருப்பவர்கள், நர்சிங் ஹோம் நடத்துபவர்கள், அரசு ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்கள், மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வாரம் ஒருநாள் வந்து போகும் ஸ்பெஷலிஸ்டுகள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். சண்டை போட எழுதவில்லை, ஒன்று கேட்க எழுதுகிறேன். ஒரு டெஸ்டையோ ஸ்கேனையோ சீட்டில் எழுதுவதற்கு முன்னால், அது எதற்கு, ரிசல்ட் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று எங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள். எப்படி வந்தாலும் ஒரே வைத்தியம்தான் என்றால், அந்த டெஸ்ட் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஊர்களின் நிலவரம் உங்களுக்குத் தெரியும். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் நீளும் வீட்டில் ஒரே ஒரு ஆச்சி இருப்பார், துணைக்கு வேலைக்கு வரும் அம்மா ஒருவர். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். உடம்புக்கு முடியவில்லை என்றால் பக்கத்து வீட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்கள்தான் ஆட்டோ பிடித்து அழைத்து வருகிறோம். உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே மகன் செல்போனில் வீடியோவில் வந்துவிடுவார். "ஸ்கேன் எடுத்தாச்சா டாக்டர்? எதுக்கும் எடுத்துப் பாத்துடுங்களேன், செலவைப் பத்தி யோசிக்காதீங்க." அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடல் தாண்டி இருக்கும் பிள்ளையால் ஆத்தாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாது, பணம்தான் அனுப்ப முடியும். ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் "இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம், ஏன் என்று சொல்கிறேன்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். நான் சொன்னால் எடுபடாது. ஆச்சி சொன்னால் "ஆத்தா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்று அடக்கிவிடுவார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உங்கள் பக்கத்துச் சங்கடமும் தெரியாமல் இல்லை. வெளியே டோக்கன் வாங்கிக்கொண்டு நாற்பது பேர் காத்திருப்பார்கள். டெஸ்ட் எழுதாவிட்டால் "இந்த டாக்டர் ஒண்ணுமே பாக்கல" என்று அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம். ஏதாவது ஒன்று தவறிப்போனால் கேஸ் போடுவோம், ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பவர்கள்கூட இருக்கிறார்கள். பேசுவதைவிட எழுதிக் கொடுப்பது உங்களுக்கு எளிது, பாதுகாப்பும்கூட. அதனால்தான் இதை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்காமல் எல்லோரிடமும் ஒன்றாகக் கேட்கிறேன். ஒருவர் மட்டும் மாறினால் அவருக்குத்தான் நஷ்டம். சேர்ந்து மாறினால் ஊர் பழகிக்கொள்ளும்.

ஒன்றைச் சொல்கிறேன். என் சித்தி மகன் நாற்பதைத் தொட்டவன், புதுவயலில் அரிசி ஆலையில் வேலை. மூட்டையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. போன இடத்தில் படுக்க வைத்துப் பார்க்கவில்லை, முதல் நாளே எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில் டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்குவது), தேய்மானம் என்று இரண்டு பக்கம். ஆபரேஷன் தேவைப்படலாம் என்று ஒரு வார்த்தையை அங்கே யாரோ விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான், பையன் படுத்துவிட்டான். வலியைவிட அந்தப் பேப்பர்தான் அவனை முடக்கியது. குனிந்தால் ஒடிந்துவிடும், இனி மூட்டை தூக்க முடியாது, பெண்ணை எப்படிக் கட்டிக்கொடுப்பது என்று ராத்திரியெல்லாம் அதே யோசனை. அப்புறம் இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, அவனைப் படுக்க வைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலை அழுத்தச் சொன்னார், சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, தொடை இடுக்கில் மரத்துப்போகிறதா, காய்ச்சல், எடை குறைவு ஏதாவது உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும் சொன்னார்: "இது சில வாரத்துல தானா இறங்கிடும். படுக்காத, நட. இந்த ரிப்போர்ட்ல இருக்கறது உன் வயசுக்காரங்க பாதிப் பேருக்கு இருக்கும், அவங்களுக்கு வலியே இருக்காது." அவர் எழுதியது சாதாரண வலி மாத்திரை. அவன் இப்போது ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

அவர் ஆறுதலுக்காகச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன், பிறகு தேடிப் படித்தால் அப்படியே இருக்கிறது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், எண்பது வயதில் 96 சதவீதம் பேருக்கு. டிஸ்க் பல்ஜ் நாற்பது வயதில் சரிபாதிப் பேருக்கு. ஆபத்து அறிகுறிகள் இல்லாத முதுகுவலிக்கு முதல் ஆறு வாரம் ஸ்கேன் தேவையில்லை என்று உங்கள் துறை வழிகாட்டிகளே சொல்கின்றன. இது உங்களுக்குப் புதிதல்ல, எங்களுக்குத்தான் புதிது. அதை எங்களிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது காய்ச்சல். மழைக்காலம் வந்துவிட்டால் காய்ச்சல் கண்ட முதல் நாளே டெங்கு, மலேரியா, டைஃபாய்டு எல்லாம் ஒரே சீட்டில். டைஃபாய்டுக்கு வைடால் டெஸ்ட். முதல் வாரத்தில் அது பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, முன்பு எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் பாசிட்டிவ் காட்டும், நம் நாடு போல டைஃபாய்டு பரவலாக உள்ள இடத்தில் ஒரே ஒரு வைடாலை வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது. ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன் ரத்தத்தை எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர்தான் நம்பத்தக்கது. ஆனால் இங்கே எத்தனை வீடுகளில் "டைஃபாய்டு வந்துச்சு" என்று சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், அவ்வளவும் வைடால் டைஃபாய்டு. அதற்கு நாள் கணக்கில் ஆன்டிபயாடிக் ஊசி. டெங்குவும் அப்படித்தான். டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 ரத்த டெஸ்ட் முதல் சில நாட்களில் பயன் உள்ளதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு வீடே தட்டணுக்கள் எண்ணிக்கையை மட்டும் காலையும் மாலையும் கிரிக்கெட் ஸ்கோர் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம், அப்போது கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் ஓடி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினால் எத்தனையோ உயிர் பிழைக்கும். அந்தப் பேச்சுக்கு ஒரு நிமிடம் போதும், அதற்கு எந்த லேபும் வேண்டாம்.

இதில் எங்கள் பக்கமும் திருந்த வேண்டியது நிறைய. "ஊசி போடலையா டாக்டர்? ஒரு குளுக்கோஸ் ஏத்திவிட்டா தெம்பா இருக்குமே" என்று கேட்பவர்கள் நாங்கள்தான். வழக்கமாக ஏற்றும் அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு ஸ்பூன். வாயால் குடிக்க முடிந்தவருக்கு கஞ்சியிலோ உப்புசர்க்கரைக் கரைசலிலோ அதைவிட நல்லது கிடைக்கும். சளிக்கும் இருமலுக்கும் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. இதைக் கேட்டு நாங்கள் முகம் சுளித்தாலும் சொல்லுங்கள். நாலு தடவை சொன்னால் ஐந்தாம் தடவை நாங்களே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுவோம்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் இப்போது சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) வரும் பிள்ளைகள் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் அன்பளிப்பாகவே பேக்கேஜ் வாங்கிக் கொடுக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் நார்மல் என்று போடும் எல்லையே ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரை வைத்துக் குறித்தது. அப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாத மனிதருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டிக் காட்டும் வாய்ப்பு 64 சதவீதம். எழுபது எண்பது அயிட்டம் உள்ள பேக்கேஜில் சிவப்பு எழுத்தில் ஏதாவது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தச் சிவப்பு எழுத்தைத் துரத்திக்கொண்டு இன்னொரு ஸ்கேன், அதில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்கு மதுரைக்கு ஒரு நடை, ஒரு ஊசி குத்திச் சதை எடுப்பது.

தென்கொரியாவில் நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1999-ல் அரசு சில புற்றுநோய்களுக்குப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் தைராய்டு இல்லை. ஆனால் கொஞ்சம் பணம் கூடக் கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் என்று ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொண்டன. 2011-ல் பார்த்தால், 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு தைராய்டு புற்றுநோய். ஆனால் தைராய்டு புற்றுநோயால் செத்தவர்கள் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்ன அர்த்தம்? சாகும்வரை ஒரு தொந்தரவும் தராமல் கிடந்திருக்கக்கூடிய சின்னக் கட்டிகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கழுத்தை அறுத்திருக்கிறார்கள். அறுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை, சிலருக்குக் குரல் நரம்பு பாதிப்பு. 2014-ல் அந்த நாட்டு டாக்டர்களே சிலர் சேர்ந்து, ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் கழுத்து ஸ்கேன் எடுக்காதீர்கள் என்று மக்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அதன் பிறகு அங்கே அந்த ஆபரேஷன்கள் வெகுவாகக் குறைந்தன. டாக்டர்கள் வாய் திறந்தால் ஒரு நாடே கேட்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இதே கவலையில்தான் அமெரிக்காவில் 2012-ல் 'சூசிங் வைஸ்லி' (யோசித்துத் தேர்ந்தெடுப்பது) என்ற இயக்கம் தொடங்கியது. ஒவ்வொரு துறை மருத்துவர் சங்கமும் தங்கள் துறையிலேயே தேவையில்லாமல் செய்யப்படும் ஐந்தைப் பட்டியல் போட வேண்டும், அதைப் பற்றி நோயாளியும் டாக்டரும் பேச வேண்டும். அரசாங்கமோ இன்சூரன்ஸ் கம்பெனியோ செலவைக் குறைக்கச் சொல்லி வந்ததல்ல அது, டாக்டர்களே போட்ட பட்டியல், அதுதான் எனக்குப் பிடித்தது. 2014-ல் கனடா தொடர்ந்தது. நம் நாட்டிலும் 2019-ல் புற்றுநோய் மருத்துவர்கள், தேசியப் புற்றுநோய் கட்டமைப்பு (நேஷனல் கேன்சர் கிரிட்) வழியாக, இந்தியாவுக்கென்று பத்து அம்சங்கள் கொண்ட பட்டியல் வெளியிட்டார்கள். அப்படியென்றால் காரைக்குடிக்கு ஒரு பட்டியல் ஏன் கூடாது? மாதக் கூட்டங்களில் கூடும்போது, இந்த வட்டாரத்தில் நாம் பழக்கத்துக்காக எழுதும் ஐந்து என்னென்ன என்று நீங்களே உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

வயசாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இங்கே உங்களிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஈசிஜி, ரத்தம் என்று வரிசையாக எடுப்பது பயன் தருகிறதா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 19,000-க்கும் அதிகமான ஆபரேஷன்களை வைத்து ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். வழக்கப்படி டெஸ்ட் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சிக்கல் வந்த விகிதம் ஒன்றேதான். சர்க்கரையும் அப்படி. எண்பது வயது ஆச்சிக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரையை (ஹெச்பிஏ1சி) இளவட்டத்துக்கு வைக்கும் அளவுக்கு இறக்க மூன்று வித மாத்திரை கொடுத்தால், லோ சுகர் ஆகி ராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. பெரும்பாலான முதியவர்களுக்கு மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தவிர மற்ற மருந்துகளைக் கொடுத்து அந்த அளவை 7.5-க்குக் கீழே இறக்க வேண்டாம் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே 'சூசிங் வைஸ்லி' பட்டியலில் எழுதியிருக்கிறது. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதபோது சிறுநீரில் கிருமி என்று வந்த ரிப்போர்ட்டுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதும் அதே பட்டியலில்தான். எப்போதோ ஒரு வயிற்றெரிச்சலுக்கு ஆரம்பித்த கேஸ் மாத்திரை, யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருஷக்கணக்காக ஓடுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொல்லி, இது எதற்கு, இன்னும் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆச்சிகள் இதற்கென்றே தனியாக ஃபீஸ் கொடுப்பார்கள்.

பெரிய சிகிச்சைகளுக்கும் இதே பேச்சுதான் தேவை. ஹார்ட் அட்டாக் வந்த நேரத்தில் வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காக்கும், அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை, நேரம் கடத்தக்கூடாது. ஆனால் நடந்தால் மட்டும் நெஞ்சு இறுக்குகிறது என்று நிலையாக உள்ளவர்களில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2020-ல் வெளிவந்த 'இஸ்கீமியா' ஆய்வில், மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சேர்த்துக்கொண்டவர்களுக்கும் முதலில் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வலி குறைவதில் வித்தியாசம் இருந்தது. ஆக இது ஆளுக்கு ஆள் யோசித்து முடிவெடுக்க வேண்டியது, ஐசியூ வாசலில் "உடனே கையெழுத்துப் போடுங்க" என்று முடிப்பதல்ல. பிரசவத்தில், தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிக் கூடுவதால் தாய்சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நல்ல நாள் பார்த்துக் கத்தி வைக்கச் சொல்லும் குடும்பங்கள் எங்களில் உண்டு, அவர்களுக்கு மறுப்பு சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைப் படித்துவிட்டு டெஸ்டே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. முப்பது வயதுக்கு மேல் பிரஷர், சுகர் பார்ப்பது, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை, இவற்றையெல்லாம் நம் ஊரில் தேவைப்படுபவர்களே எடுப்பதில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், அதை அலட்சியம் செய்துவிட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்து முழு உடம்பு ஸ்கேன் எடுப்பதுதான் என்னை வதைக்கிறது. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சிடி ஸ்கேனின் கதிர்வீச்சு, நூறு மார்பு எக்ஸ்ரேக்குக் குறையாது. தேவை என்றால் தயங்காமல் எடுக்க வேண்டும், தேவையில்லாமல் வருஷாவருஷம் எடுப்பதற்கு அது ஒன்றும் போட்டோ இல்லை.

கமிஷன் பேச்சையும் மறைக்காமல் பேசிவிடலாம். லேபிலிருந்தும் ஸ்கேன் சென்டரிலிருந்தும் ஆள் அனுப்பியதற்குப் பங்கு வாங்குவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் தடை செய்திருக்கின்றன. வாங்காதவர்கள் உங்களில் நிறையப் பேர் என்று நம்புகிறேன். ஆனால் ஊரில் சந்தேகம் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுகிறது. எதற்கு இந்த டெஸ்ட் என்று ஒரு வார்த்தை சொல்லும் டாக்டர் மேல் அந்தச் சந்தேகம் விழுவதில்லை, இதை நான் எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்று வழி, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொன்ன பிறகு வாங்கும் சம்மதம்தான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றமும் 2008-ல், சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது.

பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து அரையணாவுக்கும் பேரேட்டில் காரணம் எழுதிய ஊர் இது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிப் பில்லில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள், ஏனென்றால் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும் என்று பயம். அந்தப் பயத்தை நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும்.

எங்கள் தெருவில் சிலர் சேர்ந்து ஒரு சின்னப் பலகை தயார் செய்திருக்கிறோம். கனடாவில் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாலு கேள்விகளை நம் பேச்சில் எழுதியிருக்கிறோம்: இந்த டெஸ்ட் எனக்கு அவசியமா? இதனால் என்ன கெடுதல் வரலாம்? இதைவிட எளிமையாக வேறு வழி உண்டா? இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? கீழே, "தயங்காமல் டாக்டரிடம் கேளுங்கள்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே உங்கள் பெயர் போட இடம். அச்சுச் செலவு எங்களுடையது. டோக்கன் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் படும்படி சுவரில் இடம் கொடுத்தால் போதும். வாசகத்தில் மருத்துவ ரீதியாகத் தவறு இருந்தால் பேனாவால் திருத்திக் கொடுங்கள், திருத்தியபடியே அச்சடிக்கிறோம். முதலில் சரி என்று சொல்பவர் கிளினிக்கில் தீபாவளிக்கு முன்னாலேயே மாட்டிவிடலாம்.

அன்புடன்,
வயசாளிகளை அழைத்துக்கொண்டு உங்கள் கிளினிக்கில் காத்திருக்கும் காரைக்குடிக்காரி